ஐப்பசி மழை தொடங்கினால் மகள்மேல் ஏன் கோபம் வருகிறது?

கேள்வி: எனக்கு 40 வயது. யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் பக்கம் இருக்கிறோம். நான், கணவர், பத்து வயது மகள், என் அம்மா. அலுவலகத்தில் என்னைப் பொறுமைசாலி என்றுதான் சொல்வார்கள். ஆனால் ஐப்பசி, கார்த்திகை வந்தால் நான் வேறு ஆள். மகள் ரியூசன் முடிந்து வரப் பத்து நிமிடம் பிந்தினாலே நெஞ்சு படபடக்கும், வந்தவுடன் கத்துவேன். போன கிழமை கையும் நீட்டிவிட்டேன். இந்த வருடம்தான் மிக மோசம். லொத்தர் விற்கிறவர்கள் ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போனாலும் எரிச்சல் வருகிறது. அரிசி, மா, மெழுகுதிரி என்று வாங்கி அடுக்குகிறேன். கணவர் அதைப் பார்த்துச் சிரித்தால், இவருக்குக் குடும்பத்தில் அக்கறையே இல்லை என்று தோன்றுகிறது. மாமி கோயிலுக்கு நேர்த்தி வைக்கச் சொல்கிறார். தெரிந்த ஒருவர், அறிதுயில் (ஹிப்னோட்டிசம்) செய்து ஆழ்மனதைத் திறந்தால் எல்லாம் வெளியே வரும் என்கிறார். 1995 போர்க்கால இடப்பெயர்வில் எனக்கும் பத்து வயது. நடக்க முடியாத அம்மம்மாவை வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். நாங்கள் திரும்பி வர முன்னமே அவர் செத்துப்போனார். அது பழைய கதை, நான் அதை நினைப்பதே இல்லை. எனக்கு ஏன் இப்படி?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மகளுக்குக் கை நீட்டியதை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். விளக்கம் பிறகு வரட்டும். அதற்கு முன் இன்றைக்கே வீட்டில் ஒரு ஒழுங்கு வேண்டும். மகள் படலையால் உள்ளே வரும்போது உங்கள் நெஞ்சு படபடத்துக்கொண்டிருந்தால், "வந்திட்டியா, போய் முகம் கழுவு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விடுங்கள். இருபது நிமிடத்துக்குத் திரும்பி வராதீர்கள். கோபத்தில் முறுகிய உடம்பு இறங்க அவ்வளவு நேரமாவது எடுக்கும். ஐந்தாம் நிமிடத்திலேயே "இப்ப சரி" என்று தோன்றும்; அதை நம்பி உள்ளே வந்தால் விட்ட இடத்திலிருந்து கத்தல் தொடங்கும். அந்த நேரம் பிள்ளையோடு கணவரோ அம்மாவோ இருக்கட்டும். இந்த ஏற்பாட்டை அவர்கள் இருவருக்கும் நீங்கள் அமைதியாக இருக்கும் ஒரு நாளில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அடுத்தது உடம்பு. தைரொயிட் சுரப்பி அளவுக்கு மேல் வேலை செய்தாலும் படபடப்பு, சினம், நித்திரைக் குறைவு எல்லாம் வரும். இரத்தச்சோகையிலும் நெஞ்சு படபடக்கும். நாற்பதை அண்டிய வயதில் மாதவிடாய்க்கு முந்திய கிழமை எரிச்சல் கூடுவதும் உண்டு. ஆகவே தைரொயிட்டுக்கு ரி.எஸ்.எச், இரத்தச்சோகைக்கு ஹீமோகுளோபின் என்ற இரத்தப் பரிசோதனைகள் இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இவை ஐப்பசி, கார்த்திகை என்று பார்த்து வருவதில்லை என்பதால் உங்கள் பிரச்சினையின் வேர் இங்கே இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் பாராமல் மனதின்மேல் பழி போடுவது சரியல்ல.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது கடைசியில் நீங்கள் ஓடித் தாண்டிய இடம். மகள், ஒலிபெருக்கி, அரிசி எல்லாவற்றையும் விபரமாக எழுதிவிட்டு, அம்மம்மாவை மூன்று வரியில் முடித்து, "பழைய கதை" என்று மூடியும் விட்டீர்கள். போருக்குள் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதி 1995 ஒக்ரோபர் 30இல் வெறுமையானது ஐப்பசி மாதத்தில். ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் வெளியேறச் சொல்லிக்கொண்டு போனதும், மழைக்குள் செம்மணிப் பக்கத்திலும் நாவற்குழிப் பாலத்திலும் சனம் அசைய முடியாமல் நின்றதும் உங்கள் வயதுக்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. மாதம் பொருந்துகிறது, மழை பொருந்துகிறது, ஒலிபெருக்கி பொருந்துகிறது. இந்த வருடம் ஏன் மோசம் என்பதற்கும் உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது: உங்களுக்கு அன்று இருந்த வயது இப்போது மகளுக்கு. ஜோசஃபின் ஹில்கார்ட் என்ற அமெரிக்க உளமருத்துவர் 1950களிலேயே இதைக் கவனித்து எழுதினார். சிறுவயதில் இழப்பைச் சந்தித்த சிலர், தம் பிள்ளை அதே வயதுக்கு வரும்போது காரணம் தெரியாமல் நோய்ப்பட்டார்கள். அதுவரை அவர்களுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

"நான் நினைப்பதே இல்லையே, பிறகு எப்படி?" என்று கேட்பீர்கள். நினைவு ஒரே இடத்தில் ஒரே வடிவில் சேமிக்கப்படுவதில்லை. எந்த நாள், எந்த இடம், யார் யார் நின்றார்கள் என்பதைக் கோவையாக வைத்திருக்க மூளையின் ஹிப்போகம்பஸ் என்ற பகுதி வேண்டும். ஆபத்தின் அடையாளங்களைப் பதிவது அமிக்டலா. கடும் பயத்தின்போது முதலாவது தடுமாறும், இரண்டாவது இன்னும் கூர்மையாகப் பதியும். அதனால் நனைந்த மண் மணமும் ஒலிபெருக்கிச் சத்தமும் இருட்டுகிற நேரமும் திகதி இல்லாமல் உடம்பில் நின்றுவிடுகின்றன. அவற்றில் ஒன்று திரும்ப வந்தால் நெஞ்சு முதலில் அடிக்கும். "ஏன்" என்ற கேள்வி பிறகுதான் வரும். வரும்போது மனம் கைக்கு எட்டிய ஒரு காரணத்தை எடுத்துக் கொடுத்துவிடும்.

இதை 1911இல் ஜெனீவாவைச் சேர்ந்த மருத்துவர் எடுவார்ட் கிளப்பரேட் கொஞ்சம் கொடூரமான ஒரு முறையில் காட்டினார். புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாத பெண் நோயாளி ஒருவர். தினமும் பார்க்கும் மருத்துவரையே அவருக்குத் தெரியாது. கிளப்பரேட் ஒருநாள் விரல்களுக்குள் ஊசியை ஒளித்து வைத்துக்கொண்டு அவருக்குக் கை கொடுத்தார். அடுத்தமுறை கை நீட்டியபோது அந்தப் பெண் தன் கையை இழுத்துக்கொண்டார். முதல்நாள் நடந்தது ஞாபகமே இல்லை. ஏன் என்று கேட்டபோது, சிலவேளை கைக்குள் ஊசி இருக்கலாம்தானே என்ற மாதிரிப் பொதுவாக ஒரு நியாயம் சொன்னார். உங்கள் கணவருக்கு அக்கறை இல்லை என்று தோன்றுவதிலும் இதே வேலை நடக்கிறது என்று நினைக்கிறேன். பதகளிப்பு முதலே வந்துவிட்டது. அவருடைய சிரிப்பு அதற்குக் கிடைத்த காரணம். (அவருக்கு உண்மையிலேயே அக்கறை குறைவாகவும் இருக்கலாம். அதைத் தை மாதத்தில் தீர்மானியுங்கள், இப்போது வேண்டாம்.)

நனவிலி மனம், அதாவது நாம் அறியாமல் இயங்கும் மனம், என்றாலே உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய பிராய்ட்டைச் சொல்வார்கள். கனவுகளையும் பாலுணர்வையும் பற்றி அவர் சொன்ன பலவற்றை இன்று அப்படியே யாரும் எடுப்பதில்லை. ஆனால் அவருடைய மகள் அன்னா பிராய்ட் 1936இல் தொகுத்து எழுதிய தற்காப்பு முறைகள் இன்றும் பயன்படுகின்றன. தாங்க முடியாத உணர்ச்சியை மனம் தனக்கே தெரியாமல் எப்படியெல்லாம் திருப்பி விடுகிறது என்பதுதான் அவை. சம்பவத்தைச் சொல்வீர்கள், அதோடு வரவேண்டிய உணர்ச்சி வராது: "பழைய கதை" என்பது அது. ஒரு இடத்துக்கு உரிய உணர்ச்சி இன்னோர் இடத்தில், பெரும்பாலும் எதிர்த்துக் கதைக்க முடியாத ஒருவர்மேல் இறங்கும்: மகள்மேல் விழும் கத்தல் அது. என் ஊகத்தை நேரே சொல்லிவிடுகிறேன். மகள் பிந்தும் அந்தப் பத்து நிமிடத்தில் உங்கள் மனதுக்குள் ஓடுவது அவளுடைய ஒழுக்கத்தைப் பற்றிய கவலை அல்ல. ஒருவர் பின்தங்கிவிட்டார், நாங்கள் போய்விடப் போகிறோம் என்ற பயம். அதற்கு அடியில், விட்டுவிட்டு வந்த குற்றவுணர்வும் இருக்கலாம்.

அரிசியையும் மெழுகுதிரியையும் பற்றி ஒரு வார்த்தை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் வளர்ந்து, 2022இன் வரிசைகளிலும் நின்றவர் வீட்டில் இரண்டு கிழமைச் சாமான் வைத்திருப்பதை நான் நோய் என்று சொல்ல மாட்டேன். புழுப் பிடிக்கும் அளவுக்குப் போனால் மட்டும் நிறுத்துங்கள்.

மேலே சொன்னது ஊகம். சோதித்துப் பார்க்காமல் அதை நம்ப வேண்டாம். ஒரு எண்பது பக்கக் கொப்பி எடுங்கள். மூன்று கிழமை, தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம். கோபமோ படபடப்போ வந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வரி. நேரம், அதற்கு முந்திய ஐந்து நிமிடத்தில் கண்ணுக்கும் காதுக்கும் மூக்குக்கும் எட்டியது, உடம்பில் எங்கே என்ன செய்தது, வாயால் வந்த முதல் வசனம். பிறகு இரண்டு எண்கள்: நடந்த விஷயம் எவ்வளவு பெரிது, வந்த உணர்ச்சி எவ்வளவு பெரிது, இரண்டும் பத்துக்கு. மகள் பத்து நிமிடம் பிந்தியது 2, வந்த பயம் 9 என்றால் இடையில் இருக்கிற 7க்கு அன்றைய நாள் பொறுப்பில்லை. வித்தியாசம் 4க்கு மேற்பட்ட வரிகளின் பக்கத்தில் மட்டும், "அந்த நேரம் எனக்கு எத்தனை வயது மாதிரி இருந்தது?" என்று கேட்டு, முதலில் வரும் எண்ணை யோசிக்காமல் எழுதுங்கள்.

இதில் வழமையாகப் பிழை விடும் இடங்கள் உண்டு. பலர் நடந்ததை எழுதாமல் தீர்ப்பை எழுதுவார்கள். "அவள் சொல்வழி கேட்பதில்லை" என்பது தீர்ப்பு, "5.55க்கு வந்தாள், சப்பாத்து நனைந்திருந்தது, மழை, இருட்டு" என்பதுதான் எங்களுக்கு வேண்டியது. கோபம் கொதிக்கும்போதே எழுதினால் அது முறைப்பாட்டுக் கடிதமாகிவிடும். கொப்பியைக் கணவருக்குக் காட்டி வாதாடினால் அடுத்த நாளிலிருந்து நீங்கள் அவருக்காக எழுதத் தொடங்குவீர்கள். ஒன்றும் நடக்காத நாளைக் குறிக்காமல் விடுவதும் பிழை. அமைதியான நாளில் மழை பெய்ததா இல்லையா என்பதும் எங்களுக்குத் தெரிய வேண்டும்.

மூன்று கிழமை முடிய வரிகளை மேலிருந்து கீழே வாசியுங்கள். பெரிய வித்தியாசங்கள் மழை, இருட்டு, ஒலிபெருக்கி, காத்திருப்பு ஆகியவற்றோடு கூடி வந்தால் என் ஊகத்துக்குப் பலம் உண்டு. மாதவிடாய்க்கு முந்திய நாட்களிலோ, சம்பளம் முடிகிற கடைசிக் கிழமையிலோ, அலுவலகத்தில் ஒரு குறிப்பிட்ட ஆளோடு முட்டுப்பட்ட நாட்களிலோ குவிந்திருந்தால் நான் சொன்னது பிழை. அப்போது வைத்தியம் வேறு.

கொப்பி ஓடிக்கொண்டிருக்கும்போதே ரியூசன் விஷயத்தையும் தொடங்கலாம். கணக்குப் பாருங்கள். வகுப்பு 5.30க்கு முடிந்தால் சைக்கிளில் வர 15 நிமிடம், மழை என்றால் இன்னும் 10, சிநேகிதியோடு கதைக்க 5. ஆகவே எல்லை 6 மணி. அதை மகளோடு சேர்ந்து தீர்மானித்துச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். 6 மணிக்கு முன் ஆசிரியருக்குப் போன் எடுப்பதில்லை, படலைக்குப் போய் நிற்பதில்லை, கணவரை மோட்டார் சைக்கிளில் அனுப்புவதில்லை. 6 தாண்டினால் தாராளமாக எடுங்கள். அது எந்தத் தாயும் செய்வது. போன் எடுத்தவுடன் பயம் இறங்குகிறது அல்லவா, அந்த இறக்கத்தில்தான் பொறி இருக்கிறது. போன் எடுத்ததால்தான் பிள்ளை தப்பினாள் என்று மூளை கணக்கு வைத்துக்கொள்ளும். அடுத்தநாள் இன்னும் நேரத்தோடு எடுக்கச் சொல்லும். எடுக்காமல் இருந்து அவள் வந்து சேரும் ஒவ்வொரு மாலையும் அந்தக் கணக்கைத் திருத்தும். காத்திருக்கும் அரை மணியில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பயத்துக்குப் பத்துக்கு ஒரு எண் குறியுங்கள். முதல் கிழமை ஏறிக்கொண்டே போகும். விடாமல் செய்தால், நாள் போகப் போக முன்னரே இறங்கத் தொடங்கும்.

காத்திருக்கும்போது மூச்சு. நாலு எண்ணும்வரை மூக்கால் உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே, ஐந்து நிமிடம். வெளிமூச்சு நீளமாக இருப்பதுதான் முக்கியம். இதயத்துடிப்பை இறக்குவது அதுவே. "ஆழமாக மூச்சு எடு" என்று கேள்விப்பட்டு வேகமாகவும் பெரிதாகவும் இழுத்தால் காபனீரொட்சைட்டு குறைந்து விரல் விறைக்கும், தலை சுற்றும், பயம் இரட்டிக்கும். மழை மணத்தில் பழைய அந்தரம் எழுந்தால் வெறுங்காலை நிலத்தில் அழுத்தி வைத்து, இப்போதைய காலத்துக்குரிய மூன்று பொருட்களைப் பார்த்துப் பெயர் சொல்லுங்கள்: மகளின் கொப்பி, கையிலுள்ள போன், இந்த வருடக் கலண்டர். திகதி இல்லாத நினைவுக்குத் திகதி போடுகிற வேலை இது. சும்மா கண்ணை மூடிக்கொண்டு இருந்தால் சிலருக்கு அந்த நாளுக்குள் இன்னும் ஆழமாகப் போய்விடும். உங்களுக்குக் கண் திறந்தே இருக்கட்டும்.

மகளோடு கதைப்பது பிந்தக்கூடாது. அடித்ததற்கும் கத்தியதற்கும் இப்படிச் சொல்லலாம்: "நான் கத்தினது உன்ர பிழையாலை இல்லை. நேரம் போகப் போக எனக்குப் பயம் வந்திட்டுது. பயமெண்டு சொல்லத் தெரியாமல் கத்திப்போட்டன். அடிச்சது பிழை." அவ்வளவு போதும். "ஆனால் நீயும் நேரத்துக்கு வந்திருக்கலாம்" என்று ஒரு வால் சேர்த்தால் முன்னே சொன்னதெல்லாம் அழிந்துவிடும். "நான் சின்னனா இருக்கேக்க மழைக்குள்ளை பயந்த ஒரு நாள் இருக்கு, அதுதான்" என்பதற்கு மேல் 95ஐ அவளுக்கு இப்போது விரிக்க வேண்டாம். பிள்ளைகள் கேள்வி கேட்கும் அளவுக்குத்தான் பதில் தேவை.

இனி அம்மம்மா. நீங்கள் அவரை நினைப்பதில்லை என்பது உண்மையா என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. அம்மா அவரைப் பற்றிக் கதை எடுத்தால் நீங்கள் இருந்து கேட்கிறீர்களா, அடுப்பைப் பார்க்க எழும்பிப் போகிறீர்களா? எழும்பிப் போகிறவர் என்றால் நினைவு இல்லாமல் இல்லை, தள்ளி வைக்கப்படுகிறது. தள்ளுவதற்கும் விலை உண்டு. டானியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987இல் சிலரிடம் வெள்ளைக் கரடியை நினைக்க வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். அவர்களால் முடியவில்லை, தடையை எடுத்த பிறகு, முதலிலேயே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட அதிகமாக அதை நினைத்தார்கள்.

எங்கள் ஊரில் ஒரு சாவுக்கு எட்டுச்செலவு உண்டு, அந்தியேட்டி உண்டு, ஆட்டைத்திவசம் உண்டு. அழுவதற்கு நாளும் இடமும் கூட இருக்க ஆட்களும் கொடுக்கிற ஏற்பாடு அது. அம்மம்மாவுக்கு உங்கள் வீட்டால் இவற்றில் எது நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்றால் இப்போதும் செய்யலாம். திதி தெரியாவிட்டால் குருக்களைக் கேளுங்கள், கீரிமலைக்குப் போவதென்றால் அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். மாமி சொன்ன நேர்த்தியையும் நான் மறுக்கவில்லை. ஆனால் கோபம் போக வேண்டும் என்று வைக்கும் நேர்த்தியைவிட அம்மம்மாவுக்கு ஒரு திவசம் உங்கள் விஷயத்துக்குக் கிட்ட இருக்கிறது.

அதற்கு முன் அம்மாவோடு ஒரு பேச்சு வேண்டும். அன்றைய முடிவை எடுத்தவர்கள் பெரியவர்கள். அதை அம்மாவும் இத்தனை வருடம் சுமந்துகொண்டிருப்பார். "ஏன் விட்டிட்டு வந்தனீங்கள்?" என்று கேட்டால் அது விசாரணை. "அண்டைக்கு அம்மம்மா என்ன சொன்னவ?" என்று கேளுங்கள். அம்மா அழுதால் பக்கத்தில் இருங்கள், ஆறுதல் சொல்ல அவசரப்பட வேண்டாம். கதைக்க விருப்பமில்லை என்றால் அதோடு விடுங்கள். பத்து வயதுப் பிள்ளை, தான் ஒன்றும் தீர்மானிக்காத விஷயத்துக்கும் தன்னைத்தான் குற்றம் சொல்லும். நடந்ததை ஒரு பெரியவர் வாயால் கேட்பது அந்தப் பிள்ளைக்கு, அதாவது உங்களுக்கு, உதவும்.

கொப்பி வேலை முடிந்த பிறகு எழுத்தில் ஒரு முயற்சியும் செய்யலாம். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986இல் வெளியிட்ட முறை: நாலு நாள் தொடர்ந்து, நாளுக்கு 15 நிமிடம், பாரமான ஒரு நிகழ்வையும் அது தந்த உணர்ச்சியையும் நிறுத்தாமல் எழுதுவது, எழுத்துப்பிழை பாராமல். பலன் மிதமானதுதான்; செலவில்லை. எழுதிய கையோடு மனம் பாரமாவது இயல்பு. இரண்டு இரவு நித்திரை கெட்டால் நிறுத்துங்கள். படுக்கப் போகும் நேரத்தில் தொடங்க வேண்டாம்.

அறிதுயில் செய்து ஆழ்மனதைத் திறக்கிறேன் என்பவரிடம் போகாதீர்கள். பூட்டிக் கிடக்கும் பெட்டி மாதிரி நனவிலி மனம் எங்கும் இல்லை. நினைவு ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் புதிதாகக் கட்டப்படுகிறது, பக்கத்தில் இருப்பவர் சொல்வதும் அதற்குள் புகுந்துவிடும். எலிசபெத் லொஃப்டஸ் என்ற உளவியலாளர் 1995இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் கடைத்தொகுதியில் தொலைந்து போனதாக நடக்காத ஒரு கதையைச் சொல்லிக் கேட்டபோது, 24 பேரில் 6 பேர் அதை முழுவதுமாகவோ பகுதியாகவோ தங்கள் நினைவு என்றே நம்பினார்கள். அது மயக்க நிலை ஒன்றும் இல்லாமலே. "ஆழ்மனதின் அற்புத சக்தி" என்று யூரியூபில் ஓடுவதையும் இதே கணக்கில் சேருங்கள்.

இந்த வேலைகளைத் தனியே செய்யக் கூடாத நிலைகளும் உண்டு. அந்த நாள் மீண்டும் கண்முன் நடப்பது போல வந்தால், கெட்ட கனவு கிழமைக்குப் பல தடவை எழுப்பினால், இன்னொருமுறை கை நீண்டால், உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் ஒருமுறை வந்தால்கூட, மூன்று கிழமை பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன, காசு இல்லை. இரவில் அவசரம் என்றால் தேசிய உளநல உதவி இலக்கம் 1926, தமிழிலும் கதைக்கலாம். மனவடுவுக்கான உளச்சிகிச்சை பெரும்பாலும் கிழமைக்கு ஒன்றாக 8 முதல் 16 அமர்வு வரை போகும். அதில் ஒரு முறையில், பிறந்த நாளிலிருந்து இன்றுவரை ஒரு கயிற்றை நிலத்தில் விரித்து, நல்லவற்றுக்குப் பூவும் கெட்டவற்றுக்குக் கல்லும் வைத்து, ஒவ்வொரு கல்லையும் அதன் இடத்தில் வைத்தே முழுவதுமாகச் சொல்ல வைப்பார்கள். இதை வீட்டில் தனியே செய்து பார்க்க வேண்டாம், பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இருக்க வேண்டும். மருந்து எழுதினால் அது பிடிக்க இரண்டு முதல் ஆறு கிழமை எடுக்கும். ஐந்தாம் நாளில் "ஒன்றும் செய்யவில்லை" என்று நிறுத்துவதுதான் வழமையான பிழை. பார்மசியில் நித்திரைக் குளிசை கேட்டு வாங்குவது அதைவிடப் பெரிய பிழை.

போகும்போது கொப்பியையும் இரத்தப் பரிசோதனை முடிவையும் கொண்டு போங்கள். முதல் நாள் மகள் வேண்டாம், கணவர் வரட்டும். அவர் வெளியே இருக்க, முதல் பாதியை நீங்கள் தனியாகக் கதைக்கலாமா என்று தாதியிடம் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் ஒழுங்கு செய்வார்கள். கதைக்கத் தொடங்கும்போது மகளையும் ரியூசனையும் பிறகு வைத்துக்கொண்டு, அம்மம்மாவிலிருந்து தொடங்குங்கள்.